ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 விளையாட கேம்பேடிலேயே தொடர்வதா, ஆர்கேட் ஸ்டிக்குக்கு மாறுவதா?

இடக்கட்டைவிரல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை ஆட்டத்தைக் கணினியில், பிளேஸ்டேஷன் 5-உடன் வரும் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரைக் கொண்டு விளையாடி வருகிறேன். கென் பாத்திரம், கிளாசிக் கட்டுப்பாட்டு முறை, திசைகளுக்கு டி-பேட் (சிலுவை வடிவத் திசைப் பொத்தான்). பிளாட்டினம் தரத்தை எட்டிய பிறகு அங்கிருந்து நகர முடியவில்லை. தோற்ற ஆட்டங்களின் பதிவுகளைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தால், என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தும் கை அதைச் செய்யாத இடங்களே அதிகம் தென்படுகின்றன.

குறிப்பாக, திரையின் வலப்பக்கம் நிற்கும்போது, தாவி வருபவரை அடிக்க ஷோர்யூகென் (மேலெழும் குத்து) போட முயன்றால் பல நேரங்களில் ஹடோகென் (எறியும் ஆற்றல் பந்து) வந்துவிடுகிறது. இடப்பக்கம் நின்றால் இந்தத் தொல்லை இல்லை. அதோடு, எதிராளி டிரைவ் இம்பாக்ட் என்ற பலத்த தாக்குதலை அடிக்கும்போது கண்ணுக்குத் தெரிந்தும், பதிலுக்கு அதையே அடிக்கக் கனமான குத்தையும் கனமான உதையையும் சேர்த்து அழுத்தத் தாமதமாகிவிடுகிறது. நீண்ட நேரம் விளையாடினால் இடது கட்டைவிரலின் அடிப்பகுதியில் வலி வருவதும் மாறும் எண்ணத்துக்கு ஒரு காரணம்.

போட்டிக் காணொளிகளில் பலர் மடியில் லீவரும் பொத்தான்களும் கொண்ட பெரிய பெட்டியை, அதாவது ஆர்கேட் ஸ்டிக்கை, வைத்துக்கொண்டு ஆடுவதைப் பார்க்கிறேன். ஒரு நல்ல ஸ்டிக்கை இறக்குமதி செய்தால் சுங்க வரியுடன் சேர்த்து ஆட்டத்தின் விலையைப் போலப் பல மடங்கு ஆகிறது என்பதால், வாங்கிவிட்டுப் பிறகு யோசிக்க இயலாது. ஸ்டிக் இந்தத் தவறுகளைக் குறைக்குமா? லீவருக்குப் பதிலாகப் பொத்தான்கள் மட்டுமே கொண்ட லீவர்லெஸ் கருவி நல்லதா? நண்பர் ஒருவருடன் அவ்வப்போது டெக்கன் 8 என்ற இன்னொரு சண்டை ஆட்டத்தையும் ஆடுவேன். வீட்டில் மற்றவர்கள் உறங்கிய பிறகுதான் எனக்கு நேரம் கிடைக்கிறது என்பதால் ஓசையையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

பழைய_கேபினெட் எழுதியது:

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை. டிரெயினிங் மோடில் உள்ளீட்டுக் காட்சியை இயக்கினால், நீங்கள் தரும் ஒவ்வொரு திசையும் பொத்தானும், அது எத்தனை ஃபிரேம் (திரையில் ஓடும் ஒற்றைப் படம்) நீடித்தது என்ற எண்ணிக்கையும் திரையின் ஓரத்தில் வரிசையாக வரும். வலப்பக்கம் நின்று ஷோர்யூகெனைத் திரும்பத் திரும்பப் போட்டு, பிசகும்போது அந்த வரிசையில் என்ன பதிவாகியிருக்கிறது என்று படியுங்கள். விரல் செய்ததாக நாம் நினைப்பதும் ஆட்டத்துக்குப் போய்ச் சேர்வதும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

ஷோர்யூகெனுக்கு முன், கீழ், கீழ்முன் ஆகிய திசைகள் வேண்டும். ஹடோகெனுக்குக் கீழ், கீழ்முன், முன். ஷோர்யூகெனுக்குப் பதில் ஹடோகென் வருகிறது என்றால், ஹடோகெனின் மூன்று திசைகளும் முறையாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன, ஆனால் அதற்கு முன்பு வந்திருக்க வேண்டிய ‘முன்’ பதிவாகவில்லை, அல்லது பதிவாகி நேரம் கடந்துவிட்டது என்று பொருள். முன்னோக்கி நடந்துகொண்டே ஹடோகென் போட முயல்பவருக்கு ஷோர்யூகென் வந்து தொலைப்பதும் இதன் மறுபக்கம்தான். அங்கே நடையே முதல் ‘முன்’ ஆகிவிடுகிறது. இந்த இரண்டு சிக்கலும் பேடிலும் உண்டு, ஸ்டிக்கிலும் உண்டு. லீவரில் ஆடுகிறவர்களுக்கும் ஏதாவது ஒரு பக்கம் பலவீனமாகவே இருக்கும். எனக்கு இன்றுவரை இடப்பக்கத்தைவிட வலப்பக்கம்தான் எளிதாக வருகிறது.

ஆகவே, திசைகளைச் சரியாகத் தருவதற்காக ஸ்டிக் வாங்குகிறீர்கள் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். ஜப்பானிய வகை லீவர் ஒன்றைத் திறந்து பார்த்தால் இது விளங்கும். சான்வா நிறுவனத்தின் ஜே.எல்.எஃப். லீவரில் நான்கு பக்கமும் நான்கு மைக்ரோசுவிட்சுகள் இருக்கின்றன. நடுத்தண்டு சாயும் பக்கத்து சுவிட்சு அழுந்துகிறது. இரண்டு ஒருசேர அழுந்தினால் மூலைத்திசை. அடியில் இருக்கும் சதுர கேட் (தண்டைச் சுற்றியுள்ள சட்டம்), தண்டு அளவுக்கு மீறிச் சாயாமல் தடுப்பதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு அசைவிலும் தண்டை அந்தச் சதுரத்தின் விளிம்பில் உரசி, மத்தால் தயிர் கடைவது போலச் சுழற்றுகிறார்கள். சுவிட்சு அழுந்துவதற்கும் கேட்டைத் தொடுவதற்கும் இடையே உள்ள தூரம் முழுவதும் வீணாகும் நேரம். கையைத் தளர்த்தி, சுவிட்சு அழுந்தும் அளவுக்கு மட்டும் அசைத்து, நடுநிலைக்குத் திரும்பும் வேலையை ஸ்பிரிங்குக்கு விட்டுவிடப் பழகுவதற்குச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் உங்கள் தரம் கீழே போகும். ஏற்கெனவே சரியாக வந்த காம்போக்களும் (தொடர் அடிகளும்) கைவிட்டுப் போகும்.

ஸ்டிக்கின் உண்மையான பலன் வலது கையில் இருக்கிறது. 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது அதன் ஆறு பொத்தான்கள் ஆர்கேட் கூட இயந்திரமான கேபினெட்டின் பலகையை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டன: மேல்வரிசையில் மென்மை, நடுத்தரம், கனம் என மூன்று குத்துகள், கீழ்வரிசையில் அதே மூன்று உதைகள். கையைப் பலகையில் வைத்தால் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பத்தி அமைந்துவிடுகிறது. அதே ஆட்டம் 1992-இல் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கன்சோலுக்கு வந்தபோது, முகப்பில் நான்கு பொத்தான்களே இருந்ததால் கனமான குத்தும் உதையும் தோள் பொத்தான்களுக்குத் தள்ளப்பட்டன. அந்த ஏற்பாடு கொஞ்சம் உருமாறி இன்றுவரை தொடர்கிறது. இப்போதும் பேடில் வலது கட்டைவிரல் ஒன்றே நான்கு பொத்தான்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஸ்டிக்கில் மென்குத்தையும் மென்னுதையையும் சேர்த்துப் பிடித்து எறிவது, நடுத்தர இரண்டையும் அழுத்தி டிரைவ் பாரி (அடியைத் தடுக்கும் அசைவு) எடுப்பது, கனமான இரண்டையும் அழுத்தி டிரைவ் இம்பாக்ட் அடிப்பது ஆகிய மூன்றும் மேலும் கீழுமாக இருக்கும் ஜோடிகளாக வந்து விழுகின்றன. இது எனக்குப் பெரிய வசதி. ஆனால் டிரைவ் இம்பாக்ட் வெளிப்பட 26 ஃபிரேம், அதாவது அரை விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகிறது. அதற்குள் உங்களால் பதில் தர முடியவில்லை என்றால், தாமதம் விரலில் இருக்கிறதா, கவனத்தில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எதிராளியின் அடுத்த அடியை எதிர்பார்த்து முழுக் கவனமும் கீழே குவிந்திருக்கும்போது எந்தக் கருவியும் உதவாது.

வலியைப் பற்றி ஒன்று. ஸ்டிக்குக்கு மாறினால் கட்டைவிரலுக்கு ஓய்வு கிடைக்கும். சுமை மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் போகும். அழுத்திப் பிடிக்கும் பழக்கம் இருப்பவருக்கு வலி இடம் மாறுமே தவிர நிற்காது. விளையாடாத நேரத்திலும் வலி தொடர்ந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

பேட்_போதும் எழுதியது:

மேலே உள்ள பதிவில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் வலது கைக்காக ஸ்டிக் வாங்க வேண்டும் என்ற முடிவு எனக்கு ஒப்புதல் இல்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இன் பொத்தான் அமைப்பில் டிரைவ் இம்பாக்ட், டிரைவ் பாரி, எறிதல் ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு தனிப் பொத்தானில் வைத்துக்கொள்ள ஆட்டமே இடம் கொடுக்கிறது. இடப்பக்கத் தோள் பொத்தான்களான எல்1, எல்2 அதற்காகவே சும்மா இருக்கின்றன. இடது கட்டைவிரல் டி-பேடில் இருக்கும்போது இடது சுட்டுவிரலுக்கு வேறு வேலை கிடையாது. டிரைவ் இம்பாக்ட்டை அந்த விரலிடம் ஒப்படைத்துவிட்டால், இரண்டு பொத்தான்களைத் தேடிச் சேர்த்து அழுத்தும் தேவையே நீங்கிவிடும். இடக்கட்டைவிரல் இப்போது வலப்பக்கத் தோள் பொத்தான்களான ஆர்1, ஆர்2 இரண்டையும் சேர்த்து அழுத்துகிறார் என்று ஊகிக்கிறேன். ஆர்2 ஆழமாக அழுந்தும் விசையாக இருப்பதால் தாமதம் அங்கேதான் தொடங்குகிறது.

டூயல்சென்ஸ் சண்டை ஆட்டத்துக்கு ஏற்ற பேட் அன்று என்பதையும் சொல்ல வேண்டும். அதன் டி-பேட் நான்கு தனித்தனிப் பொத்தான்களைப் போல மேலே எழுந்து நிற்கிறது. கட்டைவிரல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. மூலைத்திசைக்கு இரண்டையும் ஒன்றாக அமுக்க வேண்டியிருப்பதால் தேவைக்கு மேல் அழுத்துகிறோம், வலிக்கிறது. 1993-இல் சேகா தன் மெகா டிரைவ் கன்சோலுக்கு ஆறு முகப்புப் பொத்தான்கள் கொண்ட பேடைக் கொண்டுவந்ததே இத்தகைய ஆட்டங்களுக்காகத்தான். அந்த மரபில் இன்றும் ஹோரியின் ஃபைட்டிங் கமாண்டர் ஆக்டா, 8பிட்டூவின் எம்30 போன்றவை கிடைக்கின்றன. வட்டத் தட்டின் மீது அமைந்த டி-பேடில் விரலைத் தூக்காமலே உருட்டலாம். முகப்பில் ஆறு பொத்தான்களும் இரண்டு வரிசையாக இருப்பதால் பழைய_கேபினெட் சொன்ன பலகை அமைப்பும் கையடக்கமாகக் கிடைத்துவிடுகிறது. விலையும் ஸ்டிக்கைவிட மிகவும் குறைவு. எம்30-ஐக் கம்பியில்லாமல் பயன்படுத்த முடியும் என்றாலும் சண்டை ஆட்டத்துக்குக் கம்பியிலேயே இணையுங்கள்.

பெரிய மேடையில் பேடுக்கு இடமில்லை என்ற எண்ணம் பழையது. பிரான்ஸைச் சேர்ந்த லஃபி 2014-ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த ஈவோ என்ற பெரிய சண்டை ஆட்டப் போட்டியில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை ரோஸ் பாத்திரத்தைக் கொண்டு வென்றபோது அவர் கையில் இருந்தது முதல் பிளேஸ்டேஷனின் பழைய கன்ட்ரோலர். ஆர்கேட் கூடங்களில் வளர்ந்த தலைமுறைக்கு லீவர் இயல்பாக வந்தது. வீட்டில் கன்சோலோடு வளர்ந்தவர்களுக்குப் பேட் இயல்பாக வருகிறது. அதற்கு மேல் இதில் மறைபொருள் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

டிரைவ் ரஷ் (முன்னோக்கிய பாய்ச்சல்) எடுக்க முன்திசையை இருமுறை தட்ட வேண்டிய இடத்தில் டி-பேட் லீவரைவிட வேகமானது என்பது என் அனுபவம். லீவர் தண்டு நடுவுக்கு வந்து திரும்பிச் செல்ல வேண்டும், பொத்தானுக்கு அந்தப் பயணம் இல்லை. ஸ்டிக்கின் எடையும் ஒரு பொருட்டுதான்: இரண்டு மூன்று கிலோ பெட்டியைப் பையில் சுமந்து பேருந்தில் போய்ப் பாருங்கள், தெரியும். பேடுக்கு உள்ள பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. போட்டிக்குச் சென்றால், கம்பியில்லா இணைப்பைத் துண்டிக்காமல் கன்ட்ரோலரைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போகும் ஒருவரால் அடுத்தவர்களின் ஆட்டம் நடுவில் நின்றுபோவது உண்டு. ஆட்டத்தை நிறுத்தியவர் அந்தச் சுற்றை இழக்க நேரும் என்பது வழக்கமான விதி என்பதால் இதனால் பல சண்டைகள் வந்திருக்கின்றன.

பன்னிரண்டு_பொத்தான் எழுதியது:

லீவர்லெஸ் பற்றிய கேள்விக்கு இருவரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இதில் இடது கையின் மூன்று விரல்கள் இடம், கீழ், வலம் ஆகிய பொத்தான்களிலும், கட்டைவிரல் அடியில் உள்ள பெரிய ‘மேல்’ பொத்தானிலும் இருக்கும். ஒரு திசையிலிருந்து இன்னொரு திசைக்குப் போக எதுவும் நகர வேண்டியதில்லை, விரல் அழுந்தினால் போதும். ஷோர்யூகெனுக்கு முன்னை அழுத்தி எடுத்து, கீழை அழுத்திப் பிடித்தபடி மீண்டும் முன்னை அழுத்தினால் மூலைத்திசை தானாகவே வந்துவிடும். வலப்பக்கம் நின்றால் அதே வேலையை மோதிர விரலும் நடுவிரலும் செய்கின்றன. இரு பக்கத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு முற்றிலும் மறையாது. ஆனால் பேடில் உருட்டும்போது இருக்கும் அளவுக்கு இருக்காது. உங்கள் முதல் சிக்கலுக்கு, எனக்குத் தெரிந்த வரையில், மூன்று கருவிகளுள் இதுவே நேரடியான தீர்வு.

ஜப்பானிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் வீரர் டைகோ உமெஹாராவை எல்லோரும் அறிவார்கள். 2004 ஈவோவில் ஜஸ்டின் வோங்கின் சுன்-லீ தொடுத்த உதைத் தொடரை ஒவ்வொன்றாகத் தடுத்து, விளிம்பளவே உயிர் மீதமிருந்த கென்னைக் கொண்டு அவர் வென்ற காட்சி லீவரில் நிகழ்த்தப்பட்டது. அவரே பிற்காலத்தில் பொத்தான் கருவிக்கு மாறினார். 2019-இல் அவர் பயன்படுத்தத் தொடங்கிய ஒரு கருவியில் திசைப் பொத்தான்களோடு அனலாக் ஸ்டிக்கும் சேர்ந்திருந்ததால் பெரிய விவாதம் எழுந்து, தன் போட்டித் தொடரில் அதற்கு இடமில்லை என்று ஸ்ட்ரீட் ஃபைட்டரைத் தயாரிக்கும் காப்காம் முடிவு செய்தது. விவாதத்தின் வேர், லீவரில் நடக்கவே முடியாத ஒன்று பொத்தானில் நடக்கும் என்பதுதான்: இடத்தையும் வலத்தையும் ஒரே நேரத்தில் அழுத்த முடியும். இதை எஸ்.ஓ.சி.டி. என்பார்கள். பின்னால் பிடித்துக்கொண்டே முன்னை அழுத்தினால் முன்தான் செல்லுபடியாகும் என்று கருவி அமைந்திருந்தால், கைல் என்ற பாத்திரத்தை ஆடுகிறவர், பின்திசையைப் பிடித்திருந்து முன்னை அழுத்திப் போடும் சோனிக் பூம் தாக்குதலைப் பின்திசையை விடாமலேயே வீசிவிட்டு, முன்னிலிருந்து விரலை எடுத்த கணமே மீண்டும் தற்காப்புக்குத் திரும்பிவிடலாம். எதிரெதிர்த் திசைகள் சேர்ந்தால் நடுநிலையே வர வேண்டும் என்பது இப்போது அந்தப் போட்டித் தொடரான காப்காம் புரோ டூரின் விதி. புதிதாக வாங்கும் கருவிகளில் இந்த அமைப்பை மாற்றிக்கொள்ள வழி இருக்கும். எதில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பாத்திரத்துக்கும் இது ஏற்றது என்று சொல்ல மாட்டேன். சாங்கீஃப் என்ற பாத்திரத்தின் முழுச் சுழற்சி எறிதலை லீவரில் ஒரே வீச்சில் போடுகிறவர்கள், பொத்தானில் ஒவ்வொரு திசையாக எண்ணி அழுத்த வேண்டியிருப்பதைக் கண்டு சலித்துப் போவார்கள். கென்னுக்கு அந்தக் கவலை இல்லை.

இன்னொரு செய்தி, உங்களுக்கு இதுவே முக்கியம்: நீங்கள் கணினியில் ஆடுவதால் லீவர்லெஸ் கருவியைச் செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். விசைப்பலகையில் ஏ, எஸ், டி ஆகிய மூன்றையும் இடம், கீழ், வலமாகவும், இடைவெளி விசையை மேலாகவும் வைத்து, வலது கைக்கு யூ, ஐ, ஓ வரிசையையும் அதற்குக் கீழுள்ள ஜே, கே, எல் வரிசையையும் ஒதுக்குங்கள். கை அமைப்பு ஏறத்தாழ அதேதான். மலிவான விசைப்பலகைகளில் மூன்று நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது ஒன்று பதிவாகாமல் போவதுண்டு. ஏதாவது வரவில்லை என்றால் உங்கள் விரலைக் குறை சொல்வதற்கு முன் அதைச் சரிபாருங்கள். இரண்டு மூன்று வாரம் ஆடிய பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் லீவர்லெஸ் உங்களுக்கு வேண்டியதில்லை.

சாலிடர்_மேசை எழுதியது:

கருவியின் உட்பகுதியைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். மாறுவதா வேண்டாமா என்பதில் நான் தலையிடவில்லை.

வாங்குவதாக இருந்தால் உதிரிபாகங்களை மாற்றக்கூடிய பெட்டியாகப் பாருங்கள். சான்வா, செய்மிட்சு ஆகிய இரண்டு ஜப்பானிய நிறுவனங்களின் அளவுகளே இந்தத் துறையில் பொது அளவுகளாகிவிட்டன: செயல் பொத்தான்களுக்கு 30 மில்லிமீட்டர் துளை, தொடக்கப் பொத்தான் போன்றவற்றுக்கு 24 மில்லிமீட்டர், லீவருக்கு ஐந்து முனை இணைப்பு. மேஃபிளாஷ் எஃப்300 போன்ற விலை குறைந்த பெட்டிகளில் சாதாரணப் பாகங்களே வருகின்றன. ஆனால் அந்த அளவுகளைப் பின்பற்றுவதால், பணம் சேரும்போது பொத்தான்களை ஒரு முறையும் லீவரை இன்னொரு முறையும் மாற்றிக்கொள்ளலாம். ஓசையைப் பொறுத்தவரை, சான்வாவின் ஓ.பி.எஸ்.எஃப்.எஸ்.-30 பொத்தான்கள் ஓசை குறைந்த வகை. லீவரின் மைக்ரோசுவிட்சுகள் எழுப்பும் சொடுக்கொலிதான் நள்ளிரவில் அடுத்த அறைக்குக் கேட்கும். விசைப்பலகை சுவிட்சுகளைப் பயன்படுத்தும் மெல்லிய லீவர்லெஸ் கருவிகளில் அமைதியான சுவிட்சுகளைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதால், உறங்கும் வீட்டுக்கு அவையே பொருத்தம். பேட் இவை எல்லாவற்றையும்விட அமைதியானது.

வேகத்தைப் பற்றிய விளம்பரங்களை அளவோடு நம்புங்கள். ஆட்டம் விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது. ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 16.67 மில்லிவிநாடி. கம்பியில் இணைந்த தரமான கருவிகளுக்கிடையே உள்ள வேறுபாடு ஒரு சில மில்லிவிநாடிகள்தான். அது ஆன்லைனில் நீங்கள் ஏற்கெனவே சுமக்கும் தாமதத்துக்கு முன்னால் ஒரு பொருட்டல்ல. தாமதம் உண்மையில் நுழையும் வழி, பழைய கன்ட்ரோலரைப் புதிய இயந்திரத்தோடு இணைக்கும் தரமற்ற மாற்றுக் கருவிகள்.

கணினியில் எந்த ஸ்டிக்கும் பெரும்பாலும் வேலை செய்யும். ஆட்டம் நேரடியாக அடையாளம் காணாத பழைய கருவியையும் கணினி ஆட்டக் கடையான ஸ்டீமின் கன்ட்ரோலர் அமைப்பு மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும். பிளேஸ்டேஷனுக்கு வந்தால் கதை வேறு. உரிமச் சரிபார்ப்பு இல்லாத சுற்றுப்பலகைகள் பிளேஸ்டேஷன் 4-இல் எட்டு நிமிடத்தில் துண்டிக்கப்பட்டுவிடும். புரூக் போன்ற நிறுவனங்களின் பலகைகள் இதற்காகவே விலை போகின்றன. பிளேஸ்டேஷன் 5-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 பழைய பிளேஸ்டேஷன் 4 ஸ்டிக்குகளை ஏற்றுக்கொள்கிறது என்றாலும் எல்லா ஆட்டங்களும் அப்படி அல்ல. பின்னாளில் கன்சோல் வாங்கும் எண்ணம் இருந்தால் இதை இப்போதே கணக்கில் எடுங்கள். கணினி மட்டுமே போதும் என்றால் ராஸ்பெரி பை பிகோ என்ற சிறு பலகையில் ஜி.பி.2040-சி.இ. என்ற திறந்தநிலை மென்பொருளை ஏற்றி, மரப்பெட்டியில் துளையிட்டுப் பொத்தான்களைப் பொருத்தி, லீவர்லெஸ் கருவியை நாமே செய்துகொள்ளலாம். 2021-இல் பிகோ வெளியானபோது அதன் விலை நான்கு டாலர். மொத்தச் செலவில் பெரும்பங்கு பொத்தான்களுக்கே போகும்.

இடக்கட்டைவிரல் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. உள்ளீட்டுக் காட்சியை வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் நிற்கும்போது ஹடோகென் வரும் ஒவ்வொரு முறையும் முதல் ‘முன்’ காணப்படவில்லை; பின்னால் பிடித்துத் தற்காத்துக்கொண்டிருக்கும் நிலையிலிருந்து விரல் நேராகக் கீழுக்கு இறங்கிவிடுகிறது. பின்திசையில் இல்லாமல் நடுநிலையில் காத்திருந்து போட்டால் பெரும்பாலும் ஷோர்யூகெனே வருகிறது. டிரைவ் இம்பாக்ட்டை எல்1-க்கு மாற்றியதும் அந்தத் தொல்லை அன்றைக்கே பாதியாகக் குறைந்தது. விசைப்பலகைச் சோதனையைத் தொடங்கியிருக்கிறேன். குதிக்க வேண்டிய இடத்திலெல்லாம் கட்டைவிரல் உறைந்து நிற்கிறது. முகப்பில் ஆறு பொத்தான்கள் உள்ள பேட் ஒன்றையும் வாங்கலாம் என்று இருக்கிறேன்.

டெக்கன் 8-க்கும் இதே கணக்குத்தானா? நண்பர் தன்னிடம் இருக்கும் ஸ்டிக்கைச் சில நாள் கடனாகத் தருவதாகச் சொல்கிறார். அதில் கொரிய லீவர் பொருத்தியிருப்பதாகவும், ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு அது ஒத்துவராது என்றும் கூறுகிறார். வாங்கிச் சோதிப்பதில் பயன் உண்டா?

பேட்_போதும் எழுதியது:

டெக்கனில் பேடுக்கு இன்னும் வலுவான இடம் உண்டு. இரண்டு கை, இரண்டு கால் என நான்கே தாக்குதல் பொத்தான்கள். அவை பிளேஸ்டேஷன் பேடின் முகப்பில் அப்படியே உட்கார்ந்துவிடுகின்றன. 1994-இல் வந்த முதல் டெக்கனே பிளேஸ்டேஷனின் வன்பொருளை அடிப்படையாகக் கொண்ட நாம்கோவின் ஆர்கேட் பலகையில்தான் ஓடியது என்பதால், வீட்டுக் கன்ட்ரோலருக்கும் அந்த ஆட்டத்துக்கும் ஒருபோதும் பகை இருந்ததில்லை. உங்கள் டூயல்சென்ஸே போதும்.

பழைய_கேபினெட் எழுதியது:

ஸ்டிக்கைக் கட்டாயம் வாங்கிச் சோதியுங்கள். ஆனால் அதில் டெக்கனை மட்டும் ஆடிப் பாருங்கள். கொரிய லீவரில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் வளையம் தண்டைப் பிடித்திருக்கும். சாய்க்கக் கூடுதல் விசை வேண்டும், விட்டால் சட்டென்று நடுவுக்குத் திரும்பும். டெக்கனில் நடுநிலையும் ஓர் உள்ளீடுதான். டெக்கனின் மிஷிமா குடும்பத்துப் பாத்திரங்கள் போடும் எலெக்ட்ரிக் என்ற குத்துக்கு ‘முன்’, நடுநிலை, கீழ், கீழ்முன் என்று போய், கடைசித் திசை விழும் அதே ஃபிரேமில் வலது குத்தை அழுத்த வேண்டும். பின்னோக்கித் தாவுவதைக் கீழ்ப்பின் திசையால் துண்டித்து மீண்டும் தாவும் கொரியப் பின்தாவலுக்கும் தண்டு உடனே நடுவுக்கு வருவது உதவுகிறது. ‘நீ’ (Knee) என்ற பெயரில் ஆடும் தென்கொரிய டெக்கன் வீரர் பல ஆண்டுகள் ஸ்டிக்கில் ஆடியதற்குப் பழக்கம் ஒரு காரணம் என்றால், இந்த லீவர் இன்னொரு காரணம் என்பது என் கருத்து. கால்பங்கு வட்ட அசைவுகள் (ஹடோகென் போலக் கீழிலிருந்து முன்னுக்கு உருட்டுவது) நிறைந்த ஸ்ட்ரீட் ஃபைட்டரிலும் இதைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். முதல்முறையாக லீவரைத் தொடுகிறவருக்கு அது கடினமாக இருக்கும் என்ற அளவில் உங்கள் நண்பர் சொல்வது சரி.

பெட்டியை மடியில் வைத்தால் கால்களைச் சேர்த்து வைத்து, அடியில் வழுக்காத துணி ஒன்றை இட்டுக்கொள்ளுங்கள். மேசையில் வைத்தால் முழங்கை பெட்டியின் மேற்பரப்பைவிடத் தாழ்ந்துவிடாத உயரத்தில் நாற்காலியைச் சரிசெய்யுங்கள். மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்த நிலையில் விளையாடுவதுதான் வலிக்கு விரைவான வழி. தண்டை உள்ளங்கையால் மூடிப் பிடிப்பதா, மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே கீழிருந்து ஏந்துவதா என்பதற்கு விதி இல்லை. இரண்டையும் முயன்று பாருங்கள். திருப்பிக் கொடுப்பதற்கு முன் பொத்தான்களுக்காக மட்டும் ஒரு மாலை ஒதுக்கி, திசைகளைப் பற்றிக் கவலைப்படாமல், கென்னின் நின்ற நிலை அடிகளை ஒவ்வொரு விரலாலும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். வலது கைக்கு அது பேடைவிட இதமாகத் தெரிந்தால் மட்டும் ஸ்டிக்கின் விலையை விசாரியுங்கள்.